சீனத்து வயலெலியும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளும்

2004 ஆவணியில் ஒரு சாயங்காலம். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுப் பட்டாசலில் என் தம்பி இடது காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முழங்கால் உரித்த தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. தெருக்கோடியில் குடியிருந்த நர்ஸம்மா வந்து, ஒரு சின்னக் குப்பியின் அடியில் ஒட்டிக்கிடந்த வெள்ளைத் தூளில் ஊசித் தண்ணீரை இறக்கினார். "குலுக்கக் கூடாது டீச்சர், நுரைச்சிரும். உள்ளங்கையில வச்சு மெல்ல உருட்டணும்" என்று சொல்லிக்கொண்டே உருட்டினார். தூள் கரைந்து நீர் தெளிந்தது. நரம்பு தேடி ஏற்றினார். அன்று இரவு தம்பி தூங்கினான். முழங்காலுக்குள் ரத்தம் கசிகிற இரவுகளில் அவன் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

வெளிநாட்டிலிருந்து நன்கொடையாக ஹீமோஃபிலியா சங்கத்துக்கு வந்த குப்பி அது. அதன் அட்டைப்பெட்டிக்குள் பலமுறை மடித்து வைத்திருந்த மெல்லிய காகிதத்தை விளக்கடியில் விரித்துப் படித்தேன். ரத்தம் உறைவதற்குத் தேவையான எட்டாவது காரணி, சைனீஸ் ஹாம்ஸ்டரின் சூலக செல்களில் தயாரிக்கப்பட்டது என்று இருந்தது. சுண்டெலி, ஹாம்ஸ்டர் புரதம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று ஓர் எச்சரிக்கையும் இருந்தது.

நான் விலங்கியல் ஆசிரியை. பெண்கள் கல்லூரி ஒன்றில் 34 ஆண்டுகள் பாடம் நடத்தினேன். ஹாம்ஸ்டர் எந்தக் குடும்பத்து விலங்கு, எத்தனை குரோமோசோம் என்று அன்றைக்கே கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். ஆனால் வட சீனத்து வயல்களில் வளை தோண்டி வாழும் உள்ளங்கை அளவு எலி ஒன்று, தாமிரபரணிக் கரையில் இருக்கும் என் தம்பியின் நரம்புக்குள் எப்படி வந்து சேர்ந்தது? அந்தக் கேள்வி அன்று பிடித்தது. கிடைத்த புத்தகங்களையும் பழைய ஆய்விதழ்களையும் புரட்டி, பல ஆண்டுகளில் துண்டு துண்டாகச் சேர்த்த விடை இது.

எங்கள் குடும்பத்தில் நான்கு தலைமுறையில் மூன்று ஆண்பிள்ளைகளுக்கு, ரத்தம் சரியாக உறையாத இந்த ஹீமோஃபிலியா நோய். முதலாவது என் தாய்மாமன். அம்மாவின் தம்பி. 1942 பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலில் அந்தப் பிள்ளைக்குக் காது குத்தினார்கள். வயது மூன்று. காதில் கசிந்த ரத்தம் நிற்கவில்லை. மஞ்சள் வைத்தார்கள், சுண்ணாம்பு வைத்தார்கள், விபூதி போட்டார்கள். ஐந்தாம் நாள் பிள்ளை போய்விட்டது. "குலசாமி குத்தம்" என்று ஆச்சி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அது சாமி குற்றமும் அல்ல, காது குத்திய பத்தரின் குற்றமும் அல்ல. தாயிடமிருந்து மகனுக்கு வரும் எக்ஸ் குரோமோசோமில் ஒரு மரபணு பழுதாக இருந்தது. பெண்களுக்கு இரண்டு எக்ஸ் இருப்பதால் பெரும்பாலும் ஒன்று மற்றதைத் தாங்கிக்கொள்கிறது. ஆணுக்கு இருப்பது ஒன்றே. ஆகவே தாய்மாமனிடம் தெரிந்த நோய் மருமகனிடம் மறுபடி தெரியலாம். காது குத்தும்போது பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைக்கிறோமே, அந்த உறவின் வழியில்தான் எங்கள் வீட்டில் இந்த நோயும் நடந்து வந்திருக்கிறது. ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு எட்டாவது காரணிக் குறைபாடு இருக்கிறது.

இரண்டாவது என் தம்பி. 1964இல் பிறந்தவன். தவழத் தொடங்கியதும் முட்டியெல்லாம் நீலம் பாரித்தது. நோயின் பெயர் எங்களுக்குத் தெரிந்தபோது அவனுக்கு எட்டு வயது. அதுவரை தெரிந்த வைத்தியம் ஐஸ் ஒன்றுதான். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இருந்த ஐஸ் கம்பெனியில் மரத்தூள் போட்டுச் சாக்கில் கட்டிக் கொடுப்பார்கள். அப்பா சைக்கிள் கேரியரில் வைத்துக் கொண்டுவருவார். வீடு வருவதற்குள் பாதி உருகி, தெரு நெடுகச் சொட்டிய தடம் இருக்கும். கசிவு மிஞ்சினால் ஆஸ்பத்திரியில் முழு ரத்தம் ஏற்றுவார்கள். ஒரு பாட்டில் ரத்தத்தில் அவனுக்கு வேண்டிய காரணி மிகச் சொற்பம். வேண்டிய அளவு வரும்வரை ஏற்றினால் இதயம் தாங்காது.

இதற்கு ஒரு வழியைக் கண்டவர் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் இருந்த ஜூடித் பூல். உறைய வைத்த பிளாஸ்மாவை மெதுவாக உருக விட்டால் அடியில் ஒரு வண்டல் தங்கும். 1964இல், அந்த வண்டலில்தான் எட்டாவது காரணி செறிந்திருக்கிறது என்று அவர் காட்டினார். கிரயோ என்று நாங்கள் சொல்வது அதைத்தான். ஒரு குளிர்பெட்டியும் ஒரு ரத்த வங்கியும் இருந்தால் எந்த நாட்டிலும் செய்யலாம். என் தம்பியின் இளமைப் பருவத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது கிரயோ. மதுரைக்குப் பஸ் ஏறிப் போய் வரிசையில் நின்று வாங்கி ஏற்றிக்கொண்டு வருவோம்.

எழுபதுகளில் பணக்கார நாடுகள் அடுத்த படிக்குப் போயின. ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மாவை ஒரே தொட்டியில் கலந்து, அதிலிருந்து காரணியைத் தூளாகப் பிரித்தெடுத்தார்கள். வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துத் தாங்களே ஊசி போட்டுக்கொள்ளலாம் என்ற நிலை வந்தது. நோயாளிகள் வேலைக்குப் போனார்கள், பயணம் போனார்கள். ஆனால் ஆயிரம் பேரில் ஒருவருக்கு நோய்க்கிருமி இருந்தாலும் தொட்டி முழுதும் நஞ்சாகும். 1982 ஜூலையில் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம், ஹீமோஃபிலியா உள்ள மூன்று பேருக்கு ஒரு விசித்திர நிமோனியா வந்திருப்பதாக அறிவித்தது. அது எய்ட்ஸ். கிருமியைச் சூடுபடுத்திக் கொல்லும் முறை பரவுவதற்குள் அமெரிக்காவில் ஹீமோஃபிலியா உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது தொற்றிவிட்டது. பிரிட்டனில் நடந்த விசாரணையின் அறிக்கை 2024இல்தான் வெளிவந்தது. ரத்தத்தாலும் ரத்தப் பொருள்களாலும் அங்கே 30,000க்கு மேற்பட்டவர்களுக்குத் தொற்று ஏற்பட்டது என்கிறது அந்த அறிக்கை.

ஸ்டீஃபன் கிறிஸ்மஸ் என்ற சிறுவனின் ரத்தத்தை ஆராய்ந்துதான் 1952இல் ஹீமோஃபிலியாவில் இரண்டாவது வகை உண்டு என்று ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்கள் கண்டார்கள். ஒன்பதாவது காரணி இல்லாத அந்த நோய்க்கு அவர் பெயரையே வைத்தார்கள். அறிவியலுக்குத் தன் ரத்தத்தைக் கொடுத்த அந்த மனிதர், பிறருடைய ரத்தத்திலிருந்து வந்த எய்ட்ஸால் 1993 டிசம்பரில் இறந்தார். அவர் கதையை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் என் குரல் இடறும்.

இந்தியாவில் எச்.ஐ.வி இருப்பதை 1986இல் கண்டுபிடித்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். நிர்மலா சேகரித்த மாதிரிகள் வேலூருக்குப் போய்ச் சோதிக்கப்பட்டன. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து ஒவ்வொரு கிரயோ பையையும் அம்மா பயந்துகொண்டுதான் பார்த்தாள். எச்.ஐ.வி தம்பியைத் தொடவில்லை. ஆனால் கல்லீரலைத் தாக்கும் சி வகைக் கிருமி அவனுக்கு வந்துவிட்டது. எந்த ஊரில், எந்தப் பையில் வந்ததென்று இனி யாரும் சொல்ல முடியாது.

ஆக, உலகுக்கு வேண்டியிருந்தது ரத்தம் இல்லாமல் பிறக்கும் ரத்தக் காரணி.

அதற்குக் கருவி தயாராகிக்கொண்டிருந்தது. 1973இல் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் போயரும் ஓர் உயிரின் மரபணுவை வெட்டி பாக்டீரியாவுக்குள் ஒட்டிக் காட்டினார்கள். 1978இல் ஈ.கோலை பாக்டீரியா மனித இன்சுலினைச் செய்தது. 1982இல் அது மருந்துக் கடைக்கு வந்தது. ஆனால் இன்சுலின் 51 அமினோ அமிலங்களே கொண்ட குட்டிப் புரதம். எட்டாவது காரணி 2,332 அமினோ அமிலங்களைக் கோத்த பெரிய மாலை. அதன் மரபணுவின் நீளம் 1,86,000 எழுத்து. ரத்தத்திலோ அது இருப்பது அணுவளவு. லண்டனில் எட்வர்ட் டடன்ஹாம் அதைத் தூய்மையாகப் பிரிக்கப் பல ஆண்டு பாடுபட்டார். அவரோடு சேர்ந்து ஜெனென்டெக் நிறுவனத்தாரும், போட்டியாக ஜெனடிக்ஸ் இன்ஸ்டிட்யூட் நிறுவனத்தாரும் அந்த மரபணுவைக் கைப்பற்றினார்கள். 1984 நவம்பரில் நேச்சர் இதழில் இரு தரப்பின் கட்டுரைகளும் ஒன்றாக வந்தன.

மரபணு கையில் வந்தாயிற்று, அதைப் படித்துப் புரதம் செய்ய யாரை அமர்த்துவது? பாக்டீரியாவால் ஆகாது. எட்டாவது காரணியைக் கோத்தால் மட்டும் போதாது. சரியாக மடிக்க வேண்டும். பிறகு மேலே சர்க்கரைக் கிளைகளை ஒட்ட வேண்டும். சேலை நெய்வது ஒரு வேலை, முந்தானைக்குக் குஞ்சம் முடிவது இன்னொரு வேலை. பாக்டீரியாவுக்கு முதல் வேலைதான் தெரியும். இரண்டும் தெரிந்தது பாலூட்டிகளின் செல். அப்படி ஒரு செல் சலிக்காமல் பெருக வேண்டும், அந்நிய மரபணுவை ஏற்க வேண்டும், எளிதில் சாகக் கூடாது. அந்தச் செல் 27 ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு காரணத்துக்காகப் பிறந்து, கண்ணாடித் தட்டுகளில் காத்துக்கொண்டிருந்தது.

அதன் கதையைத் தேடிப் போன நான் வந்து நின்ற இடம் சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பெரியாஸ்பத்திரி.

1903இல் அங்கே சார்லஸ் டோனவன் என்ற மருத்துவர் இருந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர். கல்கத்தாவில் பிறந்த ஐரிஷ்காரர். காய்ச்சலில் மண்ணீரல் வீங்கிச் செத்தவர்களின் மண்ணீரலை நுண்ணோக்கியில் பார்த்தபோது, மலேரியாக் கிருமி அல்லாத சின்னஞ்சிறு உருண்டைகளைக் கண்டார். அதே உருண்டைகளை இங்கிலாந்தில் லீஷ்மன் என்பவரும் கண்டிருந்தார். இருவர் பெயரையும் சேர்த்து அந்த ஒட்டுண்ணிக்கு லீஷ்மேனியா டோனவனி என்று பெயரிட்டார் ரொனால்ட் ராஸ். காலா அசார் என்னும் கருங்காய்ச்சலின் காரணம் அது. வங்கத்திலும் அசாமிலும் சீனத்திலும் ஊர் ஊராக மனிதர்களைக் கொன்ற நோய்.

ஒட்டுண்ணியைக் கண்டாயிற்று. மருந்து தேட வேண்டுமானால் ஆய்வகத்தில் அதை வளர்க்க ஒரு விலங்கு வேண்டும். சுண்டெலி ஒத்துவரவில்லை. அந்தச் சமயம் பீகிங்கில் சீனத்து ஹாம்ஸ்டர் ஆய்வகத்துக்குள் வந்திருந்தது. முதுகில் கரிய கோடு ஓடும் சாம்பல் நிற எலி. 1919இல் ஷியே என்ற ஆய்வாளர், நிமோனியாக் கிருமிகளை வகை பிரிக்கச் சுண்டெலிக்குப் பதிலாக அதைப் பயன்படுத்தியிருந்தார். இருபதுகளில் கருங்காய்ச்சல் ஆய்வாளர்கள் சோதித்தபோது, டோனவன் கண்ட ஒட்டுண்ணி அந்த எலியின் உடலில் நன்றாகத் தங்கிப் பெருகியது. ஆய்வகங்களில் அதன் மதிப்பு ஏறியது. ஒரே தொல்லை, கூண்டில் அது இனப்பெருக்கம் செய்யாது. ஒன்றையொன்று கடித்துக் குதறும். வயலில் பிடித்துத்தான் ஆக வேண்டும்.

இந்தத் தொல்லையால் இன்னொரு கிளைக்கதை பிறந்தது. ஜெருசலேமில் கருங்காய்ச்சலை ஆராய்ந்த சால் ஆட்லருக்குச் சீன எலி கிடைத்தும் பெருகவில்லை. பக்கத்து நாட்டில் வேறு ஹாம்ஸ்டர் உண்டா என்று தேடச் சொன்னார். 1930இல் இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் சிரியாவின் அலெப்போ அருகே ஒரு கோதுமை வயலைத் தோண்ட வைத்து, பொன்னிற ஹாம்ஸ்டர் ஒன்றையும் அதன் குட்டிகளையும் எடுத்தார். பிழைத்தவை சில. அவற்றின் வம்சம் உலகமெங்கும் பரவியது. 1961இல் கிளாஸ்கோவில் அந்த இனத்துக் குட்டிகளின் சிறுநீரகத்திலிருந்து மாக்ஃபர்சனும் ஸ்டோக்கரும் பி.எச்.கே என்ற செல் வரிசையை உண்டாக்கினார்கள். நம் ஊர் மாடுகளுக்குக் கோமாரி வராமல் போடுகிற தடுப்பூசியின் வைரஸ் அந்தச் செல்களில்தான் வளர்க்கப்படுகிறது. ஹீமோஃபிலியா மருந்துகள் சிலவும் பிற்பாடு அவற்றிலிருந்து வந்தன. ஆக, சீன ஹாம்ஸ்டருக்கு ஆய்வகத்தில் மதிப்பைக் கொடுத்ததும், பொன்னிற ஹாம்ஸ்டரை வயலிலிருந்து ஆய்வகத்துக்குக் கூட்டி வந்ததும் கருங்காய்ச்சல்தான்.

சீன எலி கடல் கடந்தது 1948 டிசம்பரில். உள்நாட்டுப் போரில் கம்யூனிஸ்ட் படைகள் நெருங்கிக்கொண்டிருந்தன. டாக்டர் ஹு என்ற சீன விஞ்ஞானி பத்து ஆண் எலி, பத்துப் பெண் எலி பிடித்து மரப்பெட்டியில் வைத்து, ராக்கஃபெல்லர் அறநிறுவனத்தின் ராபர்ட் பிரிக்ஸ் வாட்சனிடம் கொடுத்தார். ஷாங்காயிலிருந்து விமானத்தில் அவை சான்பிரான்சிஸ்கோ போய் இறங்கின. நியூயார்க் மாநிலத்தில் ஷ்வென்ட்கர் என்ற விலங்கு வளர்ப்பவர் ஒருவழியாக அவற்றைக் கூண்டில் பெருகச் செய்தார். பிறகு பாஸ்டனில் ஜார்ஜ் யெர்கானியன் வளர்த்தார். மரபியலாளர்களுக்கு அந்த எலி பிடித்துப்போனதற்குக் காரணம் அதன் குரோமோசோம். மொத்தம் 22 மட்டுமே. ஒவ்வொன்றும் பெரியது. எண்ணவும் சுலபம், அடையாளம் காணவும் சுலபம்.

1957இல் டென்வர் நகரில் தியோடர் பக், யெர்கானியனிடமிருந்து ஒரு பெண் எலியை வாங்கினார். கதிர்வீச்சு குரோமோசோமை என்ன செய்கிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. எலியின் சூலகத்தில் ஒரு துணுக்கு எடுத்துத் தட்டில் வளர்த்தார். மற்ற திசுக்களின் செல்கள் சில காலம் பெருகி ஓய்ந்துவிடும். சூலக செல்கள் ஓயவில்லை. மாதக்கணக்கில் பெருகின. பெயர் சைனீஸ் ஹாம்ஸ்டர் ஓவரி. ஆய்வகங்களில் சுருக்கமாகச் சோ செல். அந்த ஒரு எலி செத்து அறுபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. அதன் செல்கள் இன்றைக்கும் பெருகிக்கொண்டிருக்கின்றன.

இனி அந்தச் செல்லை வேலை வாங்க வேண்டும். 1980இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கெயில் உர்லாபும் லாரன்ஸ் சேசினும், ஃபோலிக் அமிலத்தைப் பயன்படுத்தத் தேவையான நொதி இல்லாத சோ செல்லை உண்டாக்கினார்கள். அந்த நொதி இல்லாமல் அது தானாகப் பிழைக்க முடியாது. நொதிக்கான மரபணுவோடு நமக்கு வேண்டிய மரபணுவையும் சேர்த்துக் கொடுத்தால், இரண்டையும் ஏற்ற செல் மட்டும் பிழைக்கும். அடுத்து அந்த நொதியை முடக்கும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால், செல் உயிர் தப்ப அந்த மரபணுவைப் பத்து, நூறு என்று நகல் எடுக்கும். பக்கத்தில் இருக்கும் நம் மரபணுவும் கூடவே நகலாகும். புரதம் பெருகும்.

நொதியை முடக்கும் அந்த மருந்தின் பெயர் மெத்தோட்ரெக்சேட். மூட்டுவாதக்காரர்களும் புற்றுநோய்க்காரர்களும் அறிந்த மாத்திரை. நாற்பதுகளில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் அதைச் செய்த குழுவுக்குத் தலைவர் எல்லாப்ரகட சுப்பாராவ். பீமாவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அந்த வரியைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். டோனவன் பாடம் நடத்திய கல்லூரியில் சுப்பாராவ் படித்தார். சுனிதி சாலமன் எச்.ஐ.வியைக் கண்டதும் அந்தக் கல்லூரியில் இருந்தபோதுதான். சுப்பாராவ் 1948 ஆகஸ்டில் இறந்தார். அவர் இறந்து நான்கே மாதத்தில் ஹாம்ஸ்டர்கள் ஷாங்காயில் விமானம் ஏறின. ரத்தம் உறைவதைப் பற்றி டோனவனோ சுப்பாராவோ பக்கோ ஒரு நாளும் ஆராயவில்லை. தங்கள் முன்னே இருந்த நோயை, தங்கள் முன்னே இருந்த கேள்வியை நேர்மையாகப் பார்த்தார்கள். எங்கள் வீட்டுக்கு வெளிச்சம் அந்த வழியாக வந்தது.

சோ செல்லில் செய்த முதல் மருந்து 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாரடைப்பில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து. ரத்தத்தைக் கரைப்பது முந்திக்கொண்டது, உறைய வைப்பது சற்றுப் பிந்தியது. ஜெனடிக்ஸ் இன்ஸ்டிட்யூட்டில் ராண்டல் காஃப்மன் மெத்தோட்ரெக்சேட் முறையில் எட்டாவது காரணியைப் பெருக்கினார். அது வெளியே வந்ததும் குலைந்துபோனது. உடலில் அதற்குத் துணையாக நின்று காக்கும் வான் வில்பிராண்ட் காரணியையும் அதே செல்லைச் செய்ய வைத்தார்கள். அதன்பிறகு நிலைத்தது. செல்கள் எஃகுக் கலன்களில், உடம்பின் வெப்பத்தில், ஊட்ட நீரில் மிதந்தபடி காரணியைக் கக்கின. அந்த நீரிலிருந்து காரணியை மட்டும் பிடித்தெடுக்கச் சுண்டெலியின் எதிர்ப்புரதத்தைத் தூண்டிலாகப் போட்டார்கள். காகிதத்தில் சுண்டெலி எச்சரிக்கை எதற்கு என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். 1987இல் வட கரோலினாவில் நோயாளிகளுக்கு முதன்முதலாக ஏற்றிப் பார்த்தார்கள். 1992 டிசம்பரில் அமெரிக்க அரசு அனுமதித்தது.

செல்லை விட்டுவிட்டு முழு விலங்கையே நம்பியவர்களும் உண்டு. நம் ஊரில் பால் கறக்கிறோம். அந்தப் பாலிலேயே மருந்து சுரந்தால் எஃகுக் கலன் எதற்கு என்பது அவர்கள் எண்ணம். பால் புரதத்தின் மரபணுவை இயக்கும் விசையோடு மனித மரபணுவை இணைத்துக் கருவில் செலுத்தினால், அது மடியில் மட்டும் வேலை செய்யும். ஸ்காட்லாந்தின் ராஸ்லின் ஆய்வகத்தோடு சேர்ந்து அவர்கள் உருவாக்கிய ட்ரேசி என்ற செம்மறி 1990இல் பிறந்தது. நுரையீரலைக் காக்கும் மனிதப் புரதத்தை லிட்டருக்கு 35 கிராம் அளவுக்குப் பாலில் கொடுத்தது. 1997இல் பிறந்த பாலி என்ற செம்மறி ஒன்பதாவது காரணியின் மரபணுவைச் சுமந்தது. ஸ்டீஃபன் கிறிஸ்மஸுக்கு இல்லாமல்போன அதே காரணி. ஆனால் அந்தச் செம்மறிகளின் பால் மருந்தாகக் கடைக்கு வரவில்லை. வெள்ளாட்டுப் பாலிலிருந்து ரத்தம் கட்டாமல் காக்கும் ஆன்டித்ராம்பின் 2006இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. முயல் பாலிலிருந்து எடுத்த ஏழாவது காரணியை 2020இல் அமெரிக்கா அனுமதித்தது. எட்டாவது காரணியை உடல் எதிர்க்கத் தொடங்கிவிட்ட ஹீமோஃபிலியாக்காரர்களுக்கு அது. ஆட்டு மடியும் முயல் மடியும் பொய்க்கவில்லை. இருந்தாலும் இத்தகைய புரத மருந்துகளில் பெரும்பாலானவற்றைச் செய்வது இன்னும் அந்தச் சீனத்து எலியின் செல்தான். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு ரத்தம் ஊறப் போடும் ஊசியும், புற்றுநோய்க்கான எதிர்ப்புரத மருந்துகள் பலவும் அதிலிருந்தே வருகின்றன.

மூன்றாவது பிள்ளை என் பேரன். மகள் வயிற்றுப் பிள்ளை. 2013இல் பிறந்தான். பிறந்த வாரமே சோதித்தோம். இருந்தது. மகள் அழுதாள். அம்மா அப்போது உயிரோடிருந்தாள். "அழாதே தாயி. என் தம்பிக்கு ஒண்ணும் கிடைக்கல. உங்க மாமாவுக்குப் பாதி கிடைச்சுது. இவனுக்கு எல்லாம் கிடைக்கும்" என்றாள். இந்த வரலாற்றை அவளைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

கிடைக்கத்தான் செய்கிறது, ஆனால் எல்லாருக்கும் அல்ல. கசிந்த பிறகு ஏற்றுவது ஒன்று. கசியவே விடாமல் வாரம் இரண்டு மூன்று முறை முன்கூட்டியே ஏற்றுவது இன்னொன்று. முதலாவது உயிரைக் காக்கும். இரண்டாவதுதான் மூட்டைக் காக்கும். என் தம்பிக்கு உயிர் இருக்கிறது, இடது முழங்கால் மடங்காது. பேரனுக்கு முன்கூட்டியே ஏற்றுகிறோம். அவன் மூன்றாம் மாடிப் படியில் ஓடி இறங்குகிறான். இதை அறிந்த பிறகும் ஒரு பிள்ளையை முட்டி வீங்கும்வரை காக்க வைப்பது அநியாயம் என்பது என் தீர்ப்பு. ஒரு கல்லூரியின் மண்ணீரல் ஆய்வும், ஒரு சீனரின் துணிவும், ஒரு தெலுங்கரின் உழைப்பும், ரத்தம் ஏற்றிச் செத்த ஆயிரக்கணக்கான நோயாளிகளின் துயரமும் சேர்ந்து செய்த மருந்து இது. இதற்கு ஒரு நாட்டை, ஒரு கம்பெனியை மட்டும் உடைமைக்காரராக நான் ஏற்க மாட்டேன்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையிலான குழு, ஐந்து நோயாளிகளின் ரத்த மூலச் செல்களுக்குள்ளேயே எட்டாவது காரணியின் மரபணுவைச் செலுத்தி, அவர்களுக்குக் கசிவு நின்றதை 2024இல் வெளியிட்டது. மருந்து செய்கிற வேலையை எலியின் செல்லிடமிருந்து வாங்கி நோயாளியின் செல்லிடமே கொடுக்கும் முயற்சி. அது பலிக்கட்டும். அதுவரை சோ செல்லின் குப்பி நம் தாலுகா வரை போய்ச் சேர வேண்டும்.

வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் வீட்டில் ஓர் ஆண்பிள்ளைக்குத் தவழும் வயதில் முட்டியில் நீலக் கட்டிகள் வந்தாலோ, பல் விழுந்த இடத்தில் ரத்தம் நாள் கணக்கில் நிற்காவிட்டாலோ, சாமி குற்றம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய் உறைதல் சோதனை எடுங்கள். ஃபாக்டர் என்று சொல்லப்படும் அந்தக் காரணி அங்கே காசில்லாமல் கிடைக்கிறது. அந்தப் பிள்ளையின் அக்கா தங்கையையும் சோதியுங்கள். நாளை அவர்கள் மகனுக்கு அது உதவும்.

பேரனுக்கு ஐந்து வயதில் காது குத்தினோம். மருத்துவரிடம் கேட்டு, காலையில் ஃபாக்டர் ஏற்றிய பிறகு. என் மகளுக்கு உடன்பிறந்தவர் இல்லாததால், அவளுடைய தாய்மாமனாகிய என் தம்பி, மடங்காத காலை நீட்டியபடியே உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டான். பத்தர் குத்தினார். இரண்டு சொட்டு ரத்தம் வந்தது. நின்றுவிட்டது.